பழைய மியாட்டாவைப் பனிக்காலத்தில் ஓட்ட ஹார்ட்டாப் கட்டாயம் வேண்டுமா?

கேள்வி கேட்டிருப்பவர் டொராண்டோவில் இருக்கிறார். பழைய மாஸ்டா மியாட்டா ஒன்று வாங்கப் பார்க்கிறார், அது கன்வெர்டிபிள், அதாவது கூரையை மடக்கித் திறக்கிற இரண்டு சீட் கார், கூரை துணி டாப்தான், வேறு கார் கிடையாது என்பதால் குளிர்காலத்திலும் தினமும் அதையேதான் எடுத்தாக வேண்டும். கழற்றி மாட்டுகிற கெட்டியான கூரை, அதாவது ஹார்ட்டாப், இல்லாமல் கனடா பனியில் அந்தக் காரை ஓட்டவே முடியாது என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்களாம். அது உண்மையா என்று கேட்கிறார்.

ஹார்ட்டாப் இல்லாமலே ஓட்டலாம். டாப் கிழியாமல், தையல் விடாமல் இருக்க வேண்டும், பின்ஜன்னல் நிஜக் கண்ணாடியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நானும் டொராண்டோ பக்கம்தான், இரண்டாம் தலைமுறை மியாட்டா வைத்திருக்கிறேன், துணி டாப், நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் வேலைக்கும் கடைக்கும் அதில்தான் போய் வருகிறேன். ஹார்ட்டாப்புக்கென்று எடுத்து வைத்திருக்கும் பணத்தை முதலில் நல்ல விண்டர் டயருக்கும், தண்ணீர் வடியும் குழாய்களைச் சரிபார்க்கவும், துரு பிடிக்காமல் அடிக்கிற எண்ணெய்க்கும் செலவு பண்ணுங்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உங்கள் கார் அதில் வந்துவிட்டால் முடிவே மாறும் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மியாட்டா 1989-இல் வந்தது. 1997 வரை செய்த முதல் தலைமுறையில் பின்ஜன்னல் கண்ணாடி கிடையாது, வெறும் பிளாஸ்டிக் ஷீட், அதைச் சுற்றி ஒரு ஜிப். டாப்பை மடக்கும் முன் அந்த ஜிப்பைத் திறந்து ஜன்னலைப் படுக்க வைக்க வேண்டும். கோடையில் அது சொன்னபடி வளையும், குளிரில் விறைத்துப் போகும், மைனஸ் 10-இல் மடக்கினால் மடிப்பு விழுந்த இடத்திலேயே வெடித்துவிடும். ஸ்கிரேப்பர் வைத்து ஐஸைச் சுரண்டவும் முடியாது, கீறல் விழுந்து மங்கிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, அந்த பிளாஸ்டிக்கில் சூடேற்றும் கம்பி இல்லை. உள்ளே இருப்பது சின்ன இடம், இரண்டு பேர் மூச்சு விட்டாலே ஜன்னலில் ஈரம் படிகிறது, படிந்தது உறைகிறது, பின்னால் வரும் லாரியின் விளக்கு பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒரு மங்கலான திட்டாகத்தான் தெரியும். இப்படிப்பட்ட காரை இரவெல்லாம் வெளியில் நிறுத்தி, காலையில் இருட்டிலேயே கிளம்புகிற ஆளாக நீங்கள் இருந்தால், ஹார்ட்டாப் வாங்குவதில் நியாயம் இருக்கிறது, நான் குறுக்கே நிற்க மாட்டேன். வாங்கும்போது மட்டும் பின்கண்ணாடியில் ஹீட்டர் கம்பி இருக்கிறதா, உங்கள் காரில் அதற்கான ஒயர் வந்திருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள், ஆரம்பகால ஹார்ட்டாப்புகள் சிலவற்றில் கம்பி இருக்காது. அல்லது கண்ணாடி வைத்த புது துணி டாப்பே மாற்றிவிடலாம். இரண்டாம் தலைமுறைக்குச் செய்த டாப் முதல் தலைமுறைக்கும் பொருந்தும், ஹார்ட்டாப்பும் அப்படித்தான், ஒன்றுடையது மற்றதில் உட்காரும்.

1998-இல் வந்த இரண்டாம் தலைமுறையிலிருந்து பின்னால் நிஜக் கண்ணாடி, சூடேற்றும் கம்பியோடு. அந்த ஒரு மாற்றத்திலேயே ஹார்ட்டாப்பின் தேவை பாதிக்கு மேல் போய்விட்டது என்பேன். ஹோண்டா எஸ்2000-க்கும் இதே கதைதான், முதலில் பிளாஸ்டிக், 2002 மாடலிலிருந்து கண்ணாடி. போர்ஷே பாக்ஸ்டரில் 2003 மாடலில் கண்ணாடி வந்தது. ஆகவே எந்த கன்வெர்டிபிளைப் பார்த்தாலும் முதலில் பின்னால் போய் அந்த ஜன்னலை விரலால் தட்டிப் பாருங்கள்.

துணி டாப் என்றாலே குளிருக்கு ஆகாது என்கிற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பழைய கார்களிலிருந்துதான். ஒற்றைத் துணி, ஓரமெல்லாம் காற்று புகும். மெர்சிடிஸ் எஸ்எல் கார்களில் 1963-இல் வந்த, 'பகோடா' என்று பட்டப்பெயர் கொண்ட மாடல் தொடங்கி 2001-இல் முடிந்த தலைமுறை வரை கழற்றும் ஹார்ட்டாப் இருந்தது, குளிர்காலம் வந்தால் மாட்டி, வசந்தத்தில் இரண்டு பேராகத் தூக்கி ஓரமாக வைப்பார்கள். ஆனால் 1980-களிலேயே சாப் 900 கன்வெர்டிபிள் வந்துவிட்டது. அது ஸ்வீடன் கம்பெனியின் கார், கட்டியது பின்லாந்தில் உவுசிகாவுபுங்கி என்ற ஊரில், கடும் குளிர் பார்க்கிற நாடுகள் இரண்டும். அவர்கள் ஹார்ட்டாப் பக்கம் போகவில்லை. டாப்பை மூன்று அடுக்காகத் தைத்து, பின்னால் சூடேறும் கண்ணாடி வைத்தார்கள், வேலை முடிந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். 1996-இல் மெர்சிடிஸ் எஸ்எல்கே வந்ததிலிருந்து, பட்டனை அழுத்தினால் தகரக் கூரையே மடிந்து டிக்கிக்குள் போகிற கார்கள் வரிசையாக வந்தன, துணி டாப்பின் காலம் முடிந்தது என்று பலரும் பேசினார்கள். இப்போது பாருங்கள். பிஎம்டபிள்யூ இசட்4 2009-இல் தகரக் கூரைக்குப் போனது, 2018-இல் துணிக்கே திரும்பி வந்தது. எஸ்எல் 2001-இல் போனது, 2021-இல் திரும்பியது. பிஎம்டபிள்யூ 4 சீரிஸ் கன்வெர்டிபிளும் 2020-இல் துணிக்கு வந்துவிட்டது. எடையும் குறைகிறது, டிக்கியில் இடமும் கிடைக்கிறது, குளிரும் சத்தமும் போதுமான அளவு தடுக்கப்படுகிறது. ஜெர்மன் குளிர்காலத்துக்குத் துணி போதும் என்று அந்தக் கம்பெனிகளே முடிவெடுத்துவிட்ட பிறகு, நாம் மட்டும் ஏன் பயப்பட வேண்டும்?

ஹார்ட்டாப்பின் நல்லதையும் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலை 401-இல் நூறுக்கு மேல் போகும்போது சத்தம் நன்றாகக் குறையும், அது நிஜமான சுகம். பக்கவாட்டில் பின்னால் வருவது தெளிவாகத் தெரியும். பனி எவ்வளவு கொட்டினாலும் பயமில்லாமல் வாரித் தள்ளலாம். டாப்பைக் கத்தியால் கிழித்துத் திருடுவார்களோ என்ற கவலை குறையும். மறுபக்கம், பழைய மியாட்டா ஹார்ட்டாப்புகளுக்கு இப்போது ஏக கிராக்கி, நல்ல நிலையில் இருப்பது ஆயிரக்கணக்கான டாலர், காரின் விலையில் பெரிய பங்கு அதற்கே போகும். எடை சுமார் 20 கிலோதான், ஆனால் அகலமாக இருப்பதால் ஒரே ஆள் மாட்டினால் டிக்கி மூடியில் பெயிண்ட் போகும், இரண்டு பேர் வேண்டும். முன்கண்ணாடிச் சட்டத்தில் இரண்டு கொக்கி, கதவுகளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று, பின்னால் இரண்டு பிடிப்பு, இத்தனையும் சரியாக உட்கார்ந்தால்தான் கிறீச் சத்தம் வராது. கோடையில் அதை எங்கே வைப்பீர்கள்? அபார்ட்மெண்டில் இருப்பவருக்கு இது பெரிய கேள்வி. துணி டாப்பை ஈரத்தோடு மடக்கி, அதன் மேல் ஹார்ட்டாப்பை மாட்டி ஐந்து மாதம் விட்டுவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், அதையும் பார்க்க வேண்டும். அப்புறம் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன்: கார் உருண்டால் இந்த ஹார்ட்டாப் உங்களைக் காப்பாற்றாது. அது மழைக்கும் காற்றுக்குமான மூடி. பாதுகாப்புக்காக வாங்குகிறேன் என்றால் ரோல் பாரைப் பற்றி, அதாவது கார் உருண்டால் தலையைக் காக்கிற இரும்பு வளைவைப் பற்றி, விசாரியுங்கள்.

சரி, இப்போது நிஜமாகவே வேண்டியவை. முதலில் டயர். பின்சக்கர டிரைவ், ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை, இந்தக் கார் பனியில் போவதும் போகாததும் டயரைப் பொறுத்தது. ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே வந்தாலே கோடை டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்கும், ரோட்டில் பனியே இல்லாவிட்டாலும் சரி. பக்கவாட்டில் மூன்று சிகரம் உள்ள மலையும் அதற்குள் நட்சத்திரம் மாதிரி பனிச்செதிலும் போட்ட டயர்தான் வேண்டும், நாலு சக்கரத்துக்கும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் சட்டப்படி கட்டாயம். ஒண்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் 2016 முதல் விண்டர் டயர் போட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும், மறக்காமல் கேட்டு வாங்குங்கள். பழைய மியாட்டாவுக்கு 185/60 ஆர்14 அளவு போதும், சின்ன டயர் என்பதால் விலையும் குறைவு, ஒடுக்கமான டயர் பனியை அறுத்துக்கொண்டு தரையைத் தொடும். இதைப் போட்டுக்கொண்டு நிதானமாக ஓட்டினால் வண்டி எவ்வளவு அடக்கமாகப் போகிறது என்று உங்களுக்கே தெரியும், முன்னும் பின்னும் எடை கிட்டத்தட்ட சமமாக இருப்பதன் பலன் அது. ஒரே தடங்கல் உயரம். பனி வாரும் லாரி போன பிறகு வீட்டு வாசலில் ஒரு வரப்பு நிற்கும் பாருங்கள், அதை வண்டியால் முட்டித் தாண்டப் பார்க்காதீர்கள், மண்வெட்டி எடுத்து வழி பண்ணிவிட்டுக் கிளம்புங்கள். ஆழமான பனி விழுந்த அன்று காலையில், தெருவை வாரும் வரை பஸ்தான். ஹார்ட்டாப் இருந்தாலும் அன்று அதுதான் நிலைமை.

அடுத்தது தண்ணீர், இதைத்தான் யாரும் சொல்வதில்லை, எனக்கு இதில்தான் அக்கறை அதிகம். டாப்பின் மேல் விழும் தண்ணீர் பின்னோரத்தில் ஒரு பள்ளத்தில் சேர்ந்து, இரண்டு பக்கமும் சீட் பெல்ட் மாட்டியிருக்கும் தூணுக்குப் பக்கத்தில் உள்ள ஓட்டை வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலைத் துணுக்கும் பைன் ஊசியும் அந்த ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் கார்ப்பெட்டில் இறங்கும், கதவுக்குக் கீழே இருக்கும் சில் பெட்டிக்குள்ளும் போகும், ரோட்டு உப்பு வெளியிலிருந்தும் இந்த ஈரம் உள்ளேயிருந்தும் அரித்து இரண்டும் நடுவில் சந்திக்கும். பழைய மியாட்டாக்கள் சாவது பெரும்பாலும் இப்படித்தான், இன்ஜின் அப்போதும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அக்டோபர் கடைசியில் டாப்பைப் பாதி தூக்கி, ஒரு டம்ளர் தண்ணீரை அந்த ஓட்டையில் மெதுவாக ஊற்றிப் பாருங்கள். உடனே கீழே கொட்டினால் சரி. தேங்கி நின்றால் புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் கயிற்றை விட்டு மெல்ல ஆட்டுங்கள். விறைப்பான கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே இருக்கும் குழாய் கிழிந்தால் வேலை இரட்டிப்பாகும். ஹார்ட்டாப் மாட்டியிருந்தாலும் இதே வடிகால்தான், அப்போதும் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

துருவுக்கு, கனடாவில் எல்லாருக்கும் தெரிந்த அந்த எண்ணெய் ஸ்ப்ரேயை வருஷா வருஷம் குளிருக்கு முன்னால் அடித்துவிடுங்கள், சில் பெட்டிக்குள்ளும், காரின் அடியில் நீளவாக்கில் ஓடும் முன்பக்க இரும்புச் சட்டமான பிரேம் ரெயிலுக்குள்ளும் போகும்படி. இரண்டாம் தலைமுறையில் அந்த முன்பக்க ரெயிலும் துருப்பிடித்துப் போகும்.

துணி டாப்பைப் பார்த்துக்கொள்வது பெரிய வேலை இல்லை. பனியை மென்மையான பிரஷ்ஷால் தள்ளுங்கள், கடைசி மெல்லிய படலத்தை ஒட்டச் சுரண்டாமல் விடுங்கள், ஹீட்டர் சூட்டில் அதுவே உருகிவிடும். வெந்நீர் ஊற்றவே கூடாது. குளிரில் டாப்பை இறக்காதீர்கள், கண்ணாடி ஜன்னல் வைத்த டாப்பாக இருந்தாலும் டாப்பின் வினைல் துணி விறைத்திருக்கும்போது மடக்கினால் மடிப்பில் விரிசல் வரும். சூடான பார்க்கிங்கில் நிற்கிறது, வெளியே நல்ல வெயில் என்றால் உள்ளேயே இறக்கிக்கொண்டு கிளம்பலாம், ஹீட்டரை முழுசாக வைத்துக்கொண்டு பிப்ரவரி வெயிலில் ஓட்டுகிற சுகத்துக்காகவே நான் ஹார்ட்டாப் வேண்டாம் என்பேன். கதவு ரப்பர்களில் சிலிகான் கிரீஸ் தடவி வையுங்கள், ஜன்னலுக்குச் சட்டம் இல்லாததால் கண்ணாடி ரப்பரோடு ஒட்டி உறையும், இழுத்தால் ரப்பர் கிழியும். பேட்டரி இந்த இரண்டு தலைமுறையிலும் டிக்கியில் இருக்கிறது, சின்னது. பழையதாக இருந்தால் குளிருக்கு முன்பே மாற்றிவிடுங்கள், வாயுவை வெளியேற்றும் குழாய் மாட்டுகிற ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

உள்ளே குளிருமா என்று கேட்டால், இல்லை. அவ்வளவு சின்ன இடத்தை அந்த ஹீட்டர் சீக்கிரமே சூடாக்கிவிடும்.

கார் பார்க்கப் போகும்போது ஹார்ட்டாப் இருக்கிறதா என்று விசாரிப்பதற்கு முன், இரண்டு சீட்டையும் முன்னால் தள்ளி, பின்னால் இருக்கும் கார்ப்பெட்டின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால், பின்சக்கரத்துக்கு முன்னால் சில் பெட்டியின் அடிப்பக்கத்தை விரலால் அழுத்துங்கள். அங்கே தகரம் அமுங்கினாலோ பெயிண்ட் கொப்புளமாக இருந்தாலோ, விற்பவர் ஹார்ட்டாப்பை இலவசமாகவே கொடுத்தாலும் அந்தக் காரை வாங்காதீர்கள்.