மகள் எக்ஸ்-கதிர் வானியல் படிக்க ஆசைப்படுகிறாள்: அதில் வேலை இருக்கிறதா?

மகள் விண்வெளித் தொலைநோக்கிகளில் புதிய எக்ஸ்-கதிர் மூலங்களை, அதாவது எக்ஸ்-கதிரை உமிழும் வான்பொருள்களை, தேடும் வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள், பிழைப்புக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்தால், எதைப் படிக்க வைப்பது என்பதும் பிடிபடும்.

எக்ஸ்-கதிர்களைக் காற்றுமண்டலம் தடுத்துவிடும். அதனால்தான் தொலைநோக்கியை மேலே அனுப்புகிறார்கள். நேற்றுவரை ஒன்றும் இல்லாத இடத்தில் திடீரென ஒரு புள்ளி ஒளிரும், சில நிமிடங்களிலோ வாரங்களிலோ மங்கிவிடும். கருந்துளை ஒரு விண்மீனைக் கிழித்திருக்கலாம், ஒரு விண்மீன் வெடித்திருக்கலாம். 2008 ஜனவரி 9 அன்று அலிசியா சோடர்பெர்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் நாசாவின் ஸ்விஃப்ட் செயற்கைக்கோளால் என்ஜிசி 2770 என்ற விண்மீன் மண்டலத்தில் வேறொரு சூப்பர்நோவாவை, அதாவது விண்மீன் வெடிப்பை, கவனித்துக்கொண்டிருந்தார்கள். அதே மண்டலத்தில் இன்னொரு விண்மீன் வெடிக்கத் தொடங்கிய கணமே எக்ஸ்-கதிரில் பதிவாகிவிட்டது. பிரகாசமாக இருந்தது சில நிமிடங்கள்தான். இப்படி அகப்படுவது அபூர்வம். அதற்காகவே வானத்தை அகலமாகக் கண்காணிக்கும் ஐன்ஸ்டைன் ப்ரோப் என்ற விண்வெளித் தொலைநோக்கி 2024-இல், தற்செயலாக அதே ஜனவரி 9 அன்று, ஏவப்பட்டது. சிங்கி இறாலின் கண்ணைப் போல அமைந்த அதன் கருவி, ஒரே பார்வையில் வானத்தில் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்கைப் பார்க்கிறது.

சரி, இதில் மனிதருக்கு என்ன வேலை? புள்ளி என்று சொல்வது பல நேரம் ஒரு கைப்பிடி ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள்தான். அது கருவியின் இரைச்சலா, ஏற்கெனவே தெரிந்த விண்மீன் ஒன்றின் சீற்றமா, உண்மையிலேயே புதியதா என்று பழைய பட்டியல்களோடு ஒப்பிட்டு, மங்குவதற்குள் முடிவு செய்ய வேண்டும். அப்புறம் மற்றத் தொலைநோக்கிகளுக்குச் செய்தி போகும், அவை அந்தப் பக்கம் திரும்பும். பெரும்பகுதியைக் கணினி செய்தாலும், சந்தேகமானவை ஆள் பார்வைக்குத்தான் வரும்.

ஆகவே இளங்கலையில் இயற்பியலும் கணிதமும் எடுக்கட்டும். புள்ளியியலைக் கண்டிப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பல மாணவர்கள் அதை ஒதுக்கிவிட்டுப் பிற்பாடு திணறுகிறார்கள். பத்து ஃபோட்டான்களை வைத்துக்கொண்டு "இது புதிய மூலம்" என்று சொல்லும் துணிச்சல் அங்கிருந்துதான் வருகிறது. பைதான் என்ற கணினி நிரல்மொழியும் வேண்டும். மின்னணுவியலில் நாட்டமிருந்தால் உணர்கருவிகளை வடிவமைக்கும் பக்கமும் போகலாம்.

உங்கள் கவலையிலும் நியாயம் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்குப் பின் சில ஆண்டுகள் தற்காலிக ஆய்வுப் பணிகளில் ஊர் ஊராக மாற வேண்டியிருக்கும், நிரந்தர இடங்கள் குறைவு. இதை மகளிடம் மறைக்க வேண்டாம். ஆனால் இரைச்சலுக்குள் சின்னச் சமிக்ஞையைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவரை மருத்துவப் படிமம், செயற்கைக்கோள் தரவு, நிதித்துறை எல்லாமே எடுத்துக்கொள்ளும். அதனால் படிப்பு வீண்போகும் என்ற பயம் எனக்கில்லை.

இப்போதைக்குப் பணம் செலவழித்துப் பயிற்சி வகுப்பு எதிலும் சேர்க்காதீர்கள். நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் ஸ்விஃப்ட் தரவுகள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மூலத்தின் தரவை இறக்கி, நேரம் போகப்போக அதன் பிரகாசம் எப்படி மாறுகிறது என்று அவளே வரைபடமாக வரைந்து பார்க்கட்டும். நாலைந்து வாரம் மல்லுக்கட்டியும் ஆர்வம் குறையவில்லை என்றால் இளங்கலை விண்ணப்பங்களைப் பற்றிப் பேசலாம், அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.