வாசகர் கேள்விகள்: கண்ணாடியைத் தின்னும் அமிலம்

கேள்வி: 2019இல் ஜப்பான், சிப்பும் திரையும் தயாரிக்கத் தேவையான மூன்றே மூன்று ரசாயனங்களின் ஏற்றுமதிக்குக் கெடுபிடி விதித்ததும் தென் கொரியாவே ஆடிப்போனதாகப் படித்தேன். சாம்சங்கிடம் இல்லாத பணமா? தானே தயாரித்துக்கொள்ளக் கூடாதா?
– வாசகி, ஈரோடு

பதில்: நியாயமான கேள்வி அம்மா. முப்பது வருடம் கல்லூரி ரசாயனக்கூடத்தில் இருந்தவன் நான். அந்த மூன்றில் ஒன்றான ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற வாயுவோடு எனக்குப் பழக்கம் உண்டு. தண்ணீரில் கரைத்தால் அது கண்ணாடியையே அரித்துவிடும். அதனால் பிளாஸ்டிக் குப்பியில்தான் வைப்போம். நீர்த்த அமிலம் கையில் பட்டால் சில சமயம் உடனே எரிச்சல்கூடத் தெரியாது. தோலுக்குள் இறங்கி எலும்பிலுள்ள கால்சியத்தைப் பிடிக்கும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே அந்த அலமாரியைத் திறப்போம்.

எங்கள் குப்பியில் இருந்ததற்கும் சிப் ஆலைக்குப் போவதற்கும் பெயர்தான் ஒன்று. சிலிக்கான் தகட்டின் மேல் படியும் ஆக்சைடை அரித்தெடுக்கவும் தகட்டைக் கழுவவும் அது வேண்டும். தகட்டில் வரையும் கோடுகள் நானோமீட்டர் கணக்கு. அமிலத்தில் இம்மியளவு இரும்போ சோடியமோ கலந்திருந்தாலும் சிப் வீண். ஆகவே 99.999 என்று தொடங்கி ஒன்பதுகள் நீண்டுகொண்டே போகும் தூய்மையைக் கேட்பார்கள். ஒசாகாவின் ஸ்டெல்லா கெமிஃபா, மொரிட்டா ஆலைக்காரர்கள், எந்தக் குழாயின் வளைவில் அழுக்கு தங்கும் என்பதுவரை பல பத்தாண்டுகள் பழகித் தெரிந்துகொண்டவர்கள். வேறு ஆலையின் சரக்குக்கு மாறினால் மறுபடி மாதக்கணக்கில் சோதனை. வாங்கிக் குவித்து வைக்கவும் வழியில்லை, நாளாக நாளாகத் தரம் கெடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012 செப்டம்பரில் கொரியாவின் குமி நகரில் இதே வாயு கசிந்து ஐந்து பேர் இறந்தார்கள். சுற்றுவட்டார வயல்கள் கருகின. ரசாயனச் சட்டங்கள் இறுகின. இப்படிப்பட்ட ஆலை தங்கள் ஊருக்கு வேண்டாம் என்று யாராவது சொன்னால், அந்த அமிலத்தைக் கையாண்டவன் என்ற முறையில் நான் குறை சொல்லமாட்டேன்.

மற்ற இரண்டு, சிப் தகட்டில் கோடுகளை வரைய மேலே பூசும் ஒளி உணர் பூச்சான ஃபோட்டோரெசிஸ்டும், திரைகளுக்கான பிளாஸ்டிக் படலமான ஃபுளோரின் சேர்த்த பாலியிமைடும். இவற்றில் கொரியா இறக்குமதி செய்ததில் 90 சதவீதத்துக்கு மேல் ஜப்பான் சரக்கு. ஜூலை 4ஆம் தேதி முதல் ஒவ்வொரு சரக்குக்கும் தனி லைசென்ஸ், பரிசீலனைக்கு 90 நாள் வரை என்று ஆனது. இதைத் தடை என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஜூலை 7ஆம் தேதியே சாம்சங்கின் அன்றைய துணைத் தலைவர் லீ ஜே-யோங் ஜப்பானுக்கு விமானம் ஏறிவிட்டார்.

கேள்வி: ஜப்பானுக்கு அப்படி என்ன கோபம்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பாதுகாப்புக் காரணம் என்றது ஜப்பான். நான் அதை நம்பவில்லை. 2018 அக்டோபர் 30 அன்று கொரிய உச்ச நீதிமன்றம், கொரியா ஜப்பான் ஆட்சியில் இருந்த இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்டாய வேலை வாங்கப்பட்ட கொரியர்கள் நால்வருக்குத் தலா 10 கோடி வோன் (கொரிய நாணயம்) கொடுக்கும்படி ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. இரு நாடுகளும் செய்துகொண்ட 1965 ஒப்பந்தத்தோடு கணக்கு தீர்ந்தது என்பது ஜப்பானின் வாதம். அந்த நால்வரில் தீர்ப்பு நாளன்று உயிரோடு இருந்தவர் லீ சுன்-சிக் ஒருவர்தான். இளம் வயதில் ஜப்பானின் காமைஷி உருக்காலையில் உழைத்தவர். 94 வயதில், தான் மட்டும் மிஞ்சியதை நினைத்து அழுதார். சிப் சண்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவரை விட்டுவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி: உலக வர்த்தக அமைப்பு என்ன தீர்ப்புச் சொன்னது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தீர்ப்பே வரவில்லை. கொரியா 2019 செப்டம்பரில் வழக்குப் போட்டது. உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா மறித்ததால், அந்த டிசம்பரிலேயே அங்குள்ள மேல்முறையீட்டு அமர்வு முடங்கிவிட்டது. 2023 மார்ச்சில் கொரியா வழக்கைத் திரும்பப் பெற்றது.

கேள்வி: கடைசியில் யாருக்கு லாபம்?
– வாசகி, மதுரை

பதில்: கொரியாவில் சிப் உற்பத்தி நிற்கவில்லை. அங்குள்ள நிறுவனங்களில் சோல்பிரெய்ன் உயர்தூய அமிலத்தைப் பெருக்கியது, எஸ்.கே. மெட்டீரியல்ஸ் 2020இல் வாயுவாகவே தயாரித்தது. அமெரிக்காவின் டூபாண்ட், கொரியாவின் சோனான் நகரில் ஃபோட்டோரெசிஸ்டுக்காக 2.8 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது. ஒசாகா ஆலைகளுக்குத்தான் பழைய வியாபாரம் போயிற்று. சண்டையில் சம்பந்தமே இல்லாத ஜப்பான் பீருக்கும் அடி விழுந்தது. கொரிய மக்களின் புறக்கணிப்பால் 2019 அக்டோபரில் அந்நாட்டுக்கு ஏற்றுமதியான ஜப்பான் பீர் பூஜ்யம்!

2023 மார்ச்சில் இரு நாட்டுத் தலைவர்களும் டோக்கியோவில் சந்தித்தார்கள், மூன்று ரசாயனங்களின் கட்டுப்பாடும் நீங்கியது. அதற்குப் பத்து நாள் முன்பு கொரிய அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்திருந்தது: ஜப்பான் நிறுவனங்களுக்குப் பதிலாக, நீதிமன்றம் சொன்ன இழப்பீட்டை ஒரு கொரிய அறக்கட்டளை கொடுக்கும். அதற்கு எஃகு நிறுவனமான போஸ்கோ 400 கோடி வோன் தந்தது. முதலில் அதை மறுத்த லீ சுன்-சிக், 2024 அக்டோபரில் அந்தப் பணத்தைப் பெற்றுக்கொண்டதாக அறக்கட்டளை சொன்னது; 2025 ஜனவரியில் அவர் காலமானார்.