எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் வீட்டுலயே மாத்துறது: கேளுங்க, சொல்றேன்

இன்னைக்கு சாயங்காலம் ஃப்ரீ. மேனிஃபோல்ட் கேஸ்கெட் (இஞ்சின் ஹெட்டுக்கும், புகைய வாங்கி வெளிய விடுற மேனிஃபோல்ட் குழாய்க்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) பத்தி மட்டும் கேளுங்க, பெட்ரோல் காடி, டர்போ இல்லாதது. டர்போ காடிய வீட்டு போர்ச்சுல வச்சு கழட்ட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

செந்தூல், புரோட்டான் விரா 1.5: அண்ணே, காலையில ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்குனு சத்தம், கொஞ்ச நேரத்துல போயிடுது. போமன் (மெக்கானிக்) டப்பெட்னு (வால்வ தள்ற பாகம்) சொல்றாரு. கேஸ்கெட்டா இருக்குமா?

இருக்கலாம் தம்பி. ரெண்டுமே காலையில சத்தம் போடும், சூடானா அடங்கும், அதனாலதான் நிறைய பேரு குழம்புறாங்க. கேஸ்கெட் லீக்குல இரும்பு சூடாகி விரிஞ்சதும் இடைவெளி அடைஞ்சிடும், சத்தம் நின்ன மாதிரி இருக்கும். முதல்ல இஞ்சின் நல்லா ஆறின பிறகு ஹீட் ஷீல்டைக் கழட்டிட்டு ஹெட்டும் மேனிஃபோல்டும் சேர்ற எடத்த டார்ச் அடிச்சுப் பாருங்க. விராவுல அது முன்னாடி ரேடியேட்டர் பக்கமே இருக்கு, வசதி. கறுப்பா கரி கோடு மாதிரி படிஞ்சிருந்தா லீக்குதான். கரி தெரியலன்னா இஞ்சின ஓட விட்டு, ஒரு நீள ரப்பர் ஹோஸ் எடுத்து ஒரு முனைய காதுகிட்ட வச்சுக்கிட்டு மறு முனைய ஒவ்வொரு போர்ட்டு பக்கமா கொண்டு போங்க, ஃபேன் பெல்ட்டு பக்கம் போகாம. லீக் உள்ள எடத்துல சத்தம் சட்டுனு பெருசாகும், டப்பெட்னா சத்தம் மேல வால்வு கவர்ல இருந்து வரும். ஆக்சிலரேட்டர் மிதிக்கிறப்ப சத்தம் கூடுறதும் லீக்கோட அடையாளம்.

அப்படியே விட்டு ஓட்டாதீங்க. புகை வெளிய போறதோட காத்தும் உள்ள இழுக்கும், ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிற காடியில அது பெட்ரோல் பத்தலன்னு தப்பா சொல்லும், இஞ்சின் தேவைக்கு மேல பெட்ரோல் ஊத்தும்.

பட்டர்வொர்த், பழைய சாகா: நட்டு எல்லாம் துரு அண்ணே, கடல் பக்கம் வீடு. எப்படி கழட்டுறது?

இந்த வேலையில கேஸ்கெட் மாத்துறது கஷ்டமே இல்ல, நட்டும் ஸ்டட்டும் (ஹெட்டுல இருந்து நீட்டிட்டிருக்கிற மரை போட்ட கம்பி) தான் வேலை. முந்தின நாள் ராத்திரியே பினட்ரேட்டிங் ஆயில் அடிச்சு விடுங்க, காலையில இன்னொரு தடவ அடிங்க. பேட்டரி நெகட்டிவ் கழட்டுங்க, சென்சார் வயர உருவுங்க, முதல்ல கீழ டவுன் பைப்ப (மேனிஃபோல்ட்ல இருந்து கீழ இறங்குற புகைக் குழாய்) கழட்டி விடுங்க. ஆறு முனை சாக்கெட்தான், பன்னெண்டு முனை நட்ட வழிச்சிடும். இம்பேக்ட் கன் வேணாம், கையால கொஞ்சமா இறுக்கி அப்புறம் தளர்த்தி, திரும்ப இறுக்கி தளர்த்தி, அப்படியே வரட்டும். எங்கயாவது மாட்டுச்சுன்னா நிறுத்தி திரும்ப ஆயில் அடிச்சு காத்திருங்க. அவசரப்பட்டா ஸ்டட் ஒடியும், அரை நாள் வேலை ரெண்டு நாள் ஆகும்.

மேனிஃபோல்ட் வெளிய வந்ததும் ஹெட்டு ஓட்டைகள்ல துணி அடைங்க. ஹெட்டு அலுமினியம், இரும்பு ஸ்கிரேப்பரும் கிரைண்டர் டிஸ்க்கும் பக்கத்துலயே கொண்டு வராதீங்க, பித்தளை ப்ரஷ்ஷோ பிளாஸ்டிக்கோ போதும். அப்புறம் நிறைய பேரு விட்டுடற ஒண்ணு: மேனிஃபோல்ட் முகத்துல நேரா இருக்கிற இரும்பு ஸ்கேல வச்சு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க. மேனுவல்ல போட்டிருக்கிற அளவுக்கு மேல வளைஞ்சிருந்தா லேத்து கடையில சீவித்தான் ஆகணும், இல்லன்னா எவ்வளவு நல்ல கேஸ்கெட்டும் சில மாசத்துல ஊதும். துரு பிடிச்ச நட்டு எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க, புதுசு வாங்குங்க.

பூட்டுறப்ப நடுவுல இருந்து ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் வெளிய போங்க, ஒரேடியா இறுக்காம ரெண்டு மூணு சுத்துல. கடைசி சுத்து டார்க் ரெஞ்சுல (எவ்வளவு இறுக்குறோம்னு காட்டுற ஸ்பேனர்), மேனுவல்ல இருக்கிற அளவுதான்.

போர்ச்சு பக்கம் ஹால் ஜன்னல் இருந்தா மூடுங்க. லீக் உள்ள காடிய உள்ள வச்சு ஓட விடாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்ல, கலர் இல்ல. காடி அடியில போறதா இருந்தா ஜேக் ஸ்டாண்டு கட்டாயம்.

செராஸ், வாஜா: ரெட் சிலிக்கான் (ட்யூபுல வர்ற கேஸ்கெட் பசை) தடவிட்டு போடலாமா?

வேணாம். காய்ஞ்ச கேஸ்கெட், சுத்தமான முகம், அவ்வளவுதான்.

கிள்ளான் லாமா பக்கம்: எங்க போமன் ரெண்டு பக்கமும் தடவித்தான் போடுறாரு, வருஷக்கணக்கா ஒண்ணும் ஆகல. அவருக்குத் தெரியாததா உங்களுக்கு?

அவரு அனுபவத்த நான் மதிக்கிறேன், ஆனா காரணத்த கேளுங்க. அந்த ட்யூபுலயே எவ்வளவு சூடு தாங்கும்னு போட்டிருக்கும், நல்ல ஹை டெம்ப் சிலிக்கான்கூட 300 டிகிரி சில்லறைதான். போர்ட்டுல இருந்து வர்ற புகை லோடுல 600, 700 டிகிரிய சாதாரணமா தாண்டும். முதல் நாளே ஓரம் கருகி உதிரும், அப்புறம் அங்க பிடிச்சிட்டிருக்கிறது கேஸ்கெட்தான், சிலிக்கான் இல்ல. அதாவது அது இல்லாமலே பிடிச்சிருக்கும். அதுவும் இல்லாம சிலிக்கான்ல இருந்து வர்ற ஆவி ஆக்ஸிஜன் சென்சார் மேல படிஞ்சு சென்சார கெடுக்கும். மேல வழுக்குறதுனால கேஸ்கெட் நகரவும் வாய்ப்பு.

ஆயர் ஈத்தாம்: சைலன்ஸர் ஜாயிண்ட்டுல பேஸ்ட் போடுறாங்களே, அது மட்டும் சரியா?

நல்ல கேள்வி. அது எக்ஸாஸ்ட் பேஸ்ட், சூட்டுல கல்லு மாதிரி இறுகுற வேற சாமான், குழாய்க்குள்ள குழாய் போற பின்பக்க ஜாயிண்ட்டுக்கு. அங்க சூடும் கம்மி. ஹெட்டுல போடுறது இல்ல.

கிள்ளான் லாமா பக்கம்: அப்ப கேஸ்கெட் கம்பெனி சிலிக்கான விக்கிறது எதுக்கு?

சிலிக்கான் விக்கிறது வாட்டர் பம்ப், ஆயில் பான், டைமிங் கவருக்கு. அங்க போடுங்க, நானும் போடுவேன். ஸ்டட் மரையில மட்டும் நிக்கல் ஆண்டி சீஸ் (மரை பிடிச்சுக்காம இருக்க தடவுற பேஸ்ட்) கொஞ்சம் தடவலாம், அடுத்த தடவ கழட்ட லேசா இருக்கும், ஆனா மரை வழுக்குறதுனால இறுக்கம் கூடிடும், டார்க்க கொஞ்சம் குறைச்சு வைங்க.

கெப்போங்: ப்ளூ சிலிக்கான்?

மேல படிங்க. எந்த கலரும் வேணாம்.

ஜெலுத்தோங், இஸ்வாரா: ஸ்டட் ஒடிஞ்சிடுச்சு அண்ணே, கொஞ்சம் வெளிய நீட்டிட்டிருக்கு.

நீட்டிட்டிருந்தா தப்பிச்சீங்க. ஒரு நட்ட அது மேல வச்சு வெல்டிங் வைக்கிற ஆள கூப்பிடுங்க, அந்த சூடே பாதி வேலைய செய்யும், செவப்பு ஆறினதும் மெதுவா முன்னும் பின்னும் திருப்பச் சொல்லுங்க. ஹெட்டோட சமமா ஒடிஞ்சிருந்தா மட்டும் நடுவுல புள்ளி குத்தி துளை போடணும். ஈஸி அவுட்ட (துளையில விட்டு ஒடிஞ்ச ஸ்டட்ட திருப்பி எடுக்கிற டூல்) முறுக்கி ஒடிச்சிடாதீங்க, அது கடின இரும்பு, சாதாரண ட்ரில் அதுல இறங்காது, அப்புறம் ஹெட்ட கழட்டி மெஷின் ஷாப்புக்குத்தான்.

ஸ்தாப்பாக்: எக்ஸ்ட்ராக்டர் (குழாய் வகை மேனிஃபோல்ட்) போட்டா பவர் ஏறுமா?

அது வேற நாளைக்கு.

அம்பாங்: ஜாலான் துன் ரசாக்ல திடீர் வெள்ளத்துல ஓட்டிட்டு வந்தேன், அதுல இருந்து சத்தம். புது கேஸ்கெட் போட்டும் போகல.

மேனிஃபோல்டயே பாருங்க. வார்ப்பிரும்பு கொதிச்சிட்டிருக்கிறப்ப பச்சத் தண்ணி அடிச்சா வெடிப்பு விழலாம், ரெண்டு குழாய் சேர்ற மூலையிலதான் முடி மாதிரி கோடு தெரியும். வார்ப்பிரும்பு வெல்டிங்க நான் நம்ப மாட்டேன், முன்னாடியே சூடு பண்ணி நிக்கல் ராடுல செய்யாட்டி பக்கத்துலயே திரும்ப வெடிக்கும். பொத்தோங் கடையில (பழைய காடி பாகம் விக்கிற கடை) அதே இஞ்சின் மேனிஃபோல்ட் கேளுங்க, முகம் வளைவு பார்த்து வாங்குங்க.

பத்து கேவ்ஸ்: புகை வாடை காடிக்குள்ள வருது, அடுத்த மாசம் செய்யலாம்னு இருக்கேன், பிள்ளைங்கள ஸ்கூல் கூட்டிட்டு போறேன்.

அடுத்த மாசம் இல்ல, இன்னைக்கே நிறுத்துங்க. வாடை வருதுன்னா மோனாக்சைடும் கூடவே வருது, ஏர்கான் காத்துலயே உள்ள வரும். பிள்ளைங்களுக்கு தலைவலி, வாந்தி உணர்வு இருந்தா உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. பஸ்ஸோ கிராப்போ எதுவா இருந்தாலும் சரி, அந்த காடியில வேணாம்.

புச்சோங்: டார்க் ரெஞ்சு இல்ல, கை கணக்குல இறுக்கலாமா?

கடன் வாங்குங்க.

கூலிம் ரோடு, பிறை: மாத்தி முடிச்சாச்சு, திரும்ப இறுக்கணுமா?

கேஸ்கெட் பாக்கெட்டுல என்ன போட்டிருக்கோ அதான். கிராஃபைட் கேஸ்கெட் கொஞ்சம் அமுங்கும், சில நாள் ஓட்டின பிறகு இஞ்சின் முழுசா ஆறினதும் அதே நடு வரிசையில செக் பண்றது நல்லது. பல அடுக்கு ஸ்டீலுக்கு பெரும்பாலும் தேவப்படாது. முதல் ஸ்டார்ட்டுல ஆயில் எரிஞ்சு கொஞ்சம் புகை வரும், பயப்படாதீங்க, காடிய வெளிய ரோட்டுல நிறுத்தி ஓட விடுங்க.