முதியோர் மையத்துக்கு என்ன கொடுக்கலாம்?

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு முதியோர் மையம் இருக்கிறது. இல்லம் அல்ல, சொந்த வீட்டில் தனியாகவோ துணையோடோ வாழும் பெரியவர்கள் பகலில் வந்து போகும் இடம். சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். மாதம் ஒரு சிறு தொகையும் வாரத்தில் ஒரு நாளும் என்னால் தர முடியும். முதலில் மொத்தமாகப் பத்து வீல்சேர் வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். பணமாகவே கொடுத்துவிடுங்கள் என்கிறார் மனைவி. எது உருப்படியான உதவி?

பதில்:

வீல்சேர் வேண்டாம். உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. அதிலும் எப்படிக் கொடுப்பது என்று ஒன்று இருக்கிறது, பிறகு வருகிறேன்.

வீல்சேர், வாக்கர், கைத்தடி எல்லாம் செருப்பு மாதிரி, ஆளுக்கு அளவு பார்த்து வாங்க வேண்டியவை. கைத்தடியையே எடுத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் அதன் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். உயரம் கூடினால் தோள் தூக்கிக்கொள்ளும், குறைந்தால் உடம்பு முன்னால் சாயும். இரண்டுமே ஆளை விழவைக்கும். வீல்சேரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று நின்றால், மெதுவாக நடந்துவரும் ஒருவரை அவசரத்துக்கு அதில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகத் தோன்றும். அன்றைக்கு வேலை சீக்கிரம் முடியும். அதுவே வழக்கமாகிவிட்டால் கால் போய்விடும். நல்ல உடல்நலத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. அந்தப் பத்து நாளில் கால்களில் மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோ தசை குறைந்திருந்தது.

எனவே எதைக் கொடுக்கிறோம் என்பதற்கு முன்னால், இந்த மையம் எதைக் காப்பாற்ற முயல்கிறது என்று பார்க்க வேண்டும். ஒருவர் அன்றாடம் தானாகச் செய்துகொள்ள வேண்டிய வேலைகளுக்கு முதியோர் நலத்துறையில் இரண்டு பட்டியல்களை இன்றும் பயன்படுத்துகிறார்கள். 1963இல் மருத்துவர் கேட்ஸும் (Katz) அவர் குழுவினரும் வெளியிட்ட பட்டியலில் குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, மலஜலம் அடக்குவது, சாப்பிடுவது என்று ஆறு இருக்கும். 1969இல் லாட்டனும் பிராடியும் தொகுத்த பட்டியலில் எட்டு: போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, வெளியே பயணம் போவது, மருந்தை வேளைக்குச் சரியாக எடுத்துக்கொள்வது, பணத்தைக் கையாள்வது.

பெரும்பாலும் இரண்டாவது பட்டியல்தான் முதலில் ஆட்டம் காணும். தானாகக் குளித்து உடுத்திக்கொள்பவருக்கு வங்கிப் படிவம் குழப்பும், பஸ் ஏறப் பயம் வரும், இரண்டு மாத்திரை இடம் மாறும். வீட்டில் உள்ளவர்கள் பதறி எல்லாவற்றையும் தங்கள் கைக்கு எடுத்துக்கொள்வார்கள். நல்ல மையம் நிற்க வேண்டிய இடம் இதுதான். உங்கள் வாரத்தில் ஒரு நாள் இங்கேதான் செலவாக வேண்டும்.

இதில் ஓர் எச்சரிக்கை. நம்மில் பலருக்கு உதவி என்றாலே கையிலிருப்பதை வாங்கி நாமே செய்து முடிப்பது. 1982இல் ஏவோர்ன், லாங்கர் என்ற இருவர் முதியோர் இல்லம் ஒன்றில் ஒரு சோதனை நடத்தினார்கள். வேலை எளியது, துண்டுகளைச் சேர்த்துப் படம் அமைப்பது. ஒரு குழுவுக்குக் கூடவே உட்கார்ந்து கைகொடுத்துச் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு வாயால் ஊக்கம் மட்டும் சொன்னார்கள். கைகொடுத்து உதவப்பட்டவர்களின் திறன் குறைந்தது, ஊக்கம் மட்டும் பெற்றவர்களின் திறன் கூடியது. தன்னார்வலராகச் சேரும் ஒவ்வொருவருக்கும் இந்தச் சோதனையை முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்பேன்.

நடைமுறையில் எப்படி இருக்கும்? ஒரு பெரியவர் வாரத்துக்கான மாத்திரை டப்பாவை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எதிரில் உட்காருங்கள், டப்பா அவர் பக்கம் இருக்கட்டும். மருந்துச் சீட்டை அவரே வாசிக்கட்டும். எழுத்து பொடியாக இருந்தால் பூதக்கண்ணாடியை நகர்த்தி வையுங்கள். செவ்வாய்க்கிழமை இரவுக் கட்டத்தில் தவறான மாத்திரையைப் போட்டுவிட்டார். உங்கள் விரல் தானாகவே நீளும், நீட்டாதீர்கள். "செவ்வாய் ராத்திரி கட்டத்தை ஒருமுறை சீட்டோடு சரிபார்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவரே கண்டுபிடித்து மாற்றுவார். இரண்டு நிமிட வேலைக்கு இருபது நிமிடம் ஆகும், அதனால்தான் சம்பளத்துக்கு வேலை செய்யும் பணியாளர்களால் இதை முழுதாகச் செய்ய முடிவதில்லை. நிதானமாக உட்கார உங்களுக்கு நேரம் இருக்கிறது. மையத்துக்கு அது பெரிய வரவு. ஒரே தவறு வாராவாரம் திரும்பி வந்தால் மட்டும் நீங்களே தீர்ப்பு எழுதாமல் மையத்தின் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். கண் புரையாக இருக்கலாம், மருந்தின் விளைவாக இருக்கலாம், மறதியின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறதா என்று விசாரியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 65 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுதோறும் 28 முதல் 35 சதவீதம் பேர் கீழே விழுகிறார்கள். ஒருமுறை விழுந்தவர் அடிபடாவிட்டாலும் பயத்தில் நடமாட்டத்தைக் குறைக்கிறார், அதனாலேயே கால் வலு இழந்து மறுபடி விழுகிறார். சொந்த வீட்டில் வாழும் முதியோரிடையே நடந்த 108 சோதனைகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு 2019இல் வந்தது. உடற்பயிற்சியால் விழும் வீதம் சுமார் 23 சதவீதம் குறைகிறது என்றது அது. பயிற்சி என்றால் உட்கார்ந்த இடத்தில் கையை மட்டும் ஆட்டுவதல்ல. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுவது, ஒரு காலில் நிற்பது, குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடப்பது என்று சமநிலையைச் சோதிக்க வேண்டும். அப்படிச் சோதிக்கும்போது பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும், பெரும்பாலான மையங்களில் அந்த ஆளுக்குத்தான் பஞ்சம். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தால் அந்த இடத்தில் நீங்கள் நிற்கலாம்.

அப்புறம் பயணம். எவ்வளவு நல்ல வகுப்பு நடத்தினாலும் வீட்டு வாசலிலிருந்து மையத்தின் வாசலுக்கு வர வழியில்லாதவருக்கு அது இல்லாததற்குச் சமம். மிகவும் தேவைப்படுபவர்களே இதனால் முதலில் விடுபடுகிறார்கள். வருபவர்களின் கூட்டத்தைப் பார்த்து, பரவாயில்லையே, நன்றாக நடக்கிறதே என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். வராமல் நின்றுபோனவர்கள் எத்தனை பேர், ஏன் நின்றார்கள் என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். அந்த விவரத்தை உடனே எடுத்துச் சொல்லும் மையத்தை நம்பலாம். கைவசம் இல்லை என்றால் அந்த வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்று நாள் வராதவர்களுக்கு ஒரு போன் போடுவது. பேச ஆளில்லாத வீட்டில் அந்த அழைப்பே பெரிய விஷயம்.

இனி பணம். நன்கொடையாளர்கள் கட்டடம் கொடுப்பார்கள், கருவி கொடுப்பார்கள், பிறந்தநாளுக்கு விருந்து கொடுப்பார்கள். டிரைவர் சம்பளத்துக்கும் வண்டி எரிபொருளுக்கும் மின்கட்டணத்துக்கும் கொடுக்க யாரும் முன்வருவதில்லை, அவற்றில் பெயர் பொறிக்க முடியாதே! உங்கள் தொகை சிறியதாக இருந்தாலும் மாதாமாதம் தவறாமல், "எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று கொடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய தொகையை நம்பி ஒரு டிரைவரை வேலைக்கு வைக்க முடியாது. மாதம் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் வைக்கலாம். மொத்தத் தொகைதான் கொடுக்க முடியும் என்றால், குளியலறைக் கைப்பிடிக் கம்பி, மாடிப்படிக்கு நல்ல வெளிச்சம் போன்றவற்றைப் பெரியவர்களின் வீடுகளிலேயே பொருத்தும் திட்டம் மையத்தில் உண்டா என்று கேளுங்கள்.

கொடுப்பதற்கு முன் வழக்கமான சரிபார்ப்பைச் செய்துவிடுங்கள்: பதிவு இருக்கிறதா, தணிக்கை செய்த வரவுசெலவைக் காட்டுகிறார்களா, ரசீது அமைப்பின் பெயரில் வருகிறதா. தனியார் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய துணி, பழைய டிவி ஆகியவற்றைக் கேட்காமல் கொண்டுபோய் இறக்காதீர்கள்.

ஒன்று கண்டிப்பாக. போனில் பணம் செலுத்தக் கற்றுக்கொடுக்கும்போது அவர்களின் பின் நம்பர், ஓடிபி எதையும் கேட்காதீர்கள், அவர்களாகவே சொன்னாலும் வாங்காதீர்கள். அதை அழுத்தும் நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். யாருக்கும் சொல்லக் கூடாது என்பது அவர்கள் மனதில் பதிய அதைவிட நல்ல பாடம் இல்லை. நாளைக்குக் கணக்கில் ஏதாவது குறைந்தாலும் உங்கள் மீது பேச்சு வராது.

வாரத்தில் எந்த நாள் என்பதை மையத்திடமே கேட்டு முடிவு செய்யுங்கள். ஆள் குறைவான நாளாகப் பார்த்துக் கொடுப்பார்கள். முதல் மூன்று மாதத்துக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள், சரிப்பட்டால் நீட்டிக்கலாம். போக முடியாத வாரம் வந்தால், மையத்துக்கு மட்டுமல்ல, உங்களை எதிர்பார்த்து மாத்திரை டப்பாவோடு வருபவருக்கும் முதல் நாளே போன் செய்து சொல்லிவிடுங்கள்.