குதிரை ரத்தத்தைப் பார்த்து இனம் சொல்ல முடியுமா?

கேள்வி: சார், எங்க சித்தப்பா மெரினாவுல குதிரை சவாரி விடுறவர். இப்ப ஒரு பொட்டைக் குதிரை விலைக்கு வந்திருக்கு, செவலையும் வெள்ளையுமா திட்டு திட்டா இருக்கும். சுத்தமான மார்வாரி (ராஜஸ்தான் குதிரை இனம்), சந்தேகம்னா ரத்தம் எடுத்துப் பாருங்க, புரோட்டீன்லயே தெரிஞ்சிரும்ங்கறார் புரோக்கர். வேப்பேரி வெட்னரி காலேஜ்ல படிக்கற என் தம்பியும் இனத்துக்கு இனம் ரத்தப் புரோட்டீன் மாறும்னு படிச்சிருக்கேங்கறான். நம்பி டெஸ்டுக்கு காசு போடலாமா? – வாசகர், பட்டினப்பாக்கம்

பதில்: போடாதீங்க. உங்க தம்பி படிச்சது சரிதான், ஆனா அதை வச்சு புரோக்கர் சொல்றது தப்பு.

குதிரை ரத்தத்துல டிரான்ஸ்ஃபெரின்னு ஒரு புரோட்டீன் இருக்கு, இரும்புச்சத்தை சுமந்துட்டுப் போற வேலை அதுக்கு. எல்லாக் குதிரைக்கும் அது உண்டு, ஆனா ஒரே வடிவத்துல இல்ல, டி, எஃப், எச், எம், ஓ, ஆர்னு எழுத்து குடுத்து பல வகையா பிரிச்சு வச்சிருக்காங்க. அல்புமின்னு இன்னொரு ரத்தப் புரோட்டீன், அதுல முக்கியமா ஏ, பி ரெண்டு. எஸ்டரேஸ்ங்கற புரோட்டீன்லயும் இப்படி நிறைய இருக்கு. இதைக் கண்டுபிடிக்க வழி கிடைச்சது 1955ல, ஆலிவர் ஸ்மித்தீஸ்ங்கறவர் உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சைக் காய்ச்சி ஜெல் பலகை மாதிரி ஊத்தி, சீரத்துல (ரத்தம் உறைஞ்சப்புறம் பிரியற தெளிவான நீர்) நனைச்ச சின்ன ஃபில்டர் பேப்பர் துண்டை அதுல சொருகி கரண்ட் விட்டார். புரோட்டீன் எல்லாம் அதது சார்ஜுக்கும் சைஸுக்கும் ஏத்த வேகத்துல நகரும், அப்புறம் சாயம் ஊத்தினா கோடு கோடா தெரியும், எந்தக் கோடு எங்க நிக்குதுன்னு பார்த்தா வகை தெரிஞ்சிரும்.

ஏன் வேகம் மாறுதுன்னு கேட்டா, புரோட்டீன்ங்கறது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி, ரத்தத்துக்கு சிவப்பு குடுக்கற ஹீமோகுளோபினையே எடுத்துக்குங்க. அதோட ஆல்ஃபா சங்கிலியில 60வது இடத்துல சில குதிரைக்கு லைசின்ங்கற அமினோ அமிலம் இருக்கும், சில குதிரைக்கு குளுட்டமின். லைசினுக்கு பாசிட்டிவ் சார்ஜ் உண்டு, குளுட்டமினுக்கு இல்ல, அதனால கோடு தள்ளி விழும். அதே சங்கிலியில 24வது இடத்துலயும் ஒரு வித்தியாசம் உண்டு, ஃபினைல்அலனின் இல்லன்னா டைரோசின், ஆனா ரெண்டுக்குமே சார்ஜ் இல்லாததால சாதாரண ஜெல்லுல ஒண்ணு போலவே தெரியும். அதாவது ஜெல் காட்டுற வித்தியாசத்தை விட உள்ள இருக்கறது ஜாஸ்தியா இருக்கலாம்.

இப்ப இனத்துக்கு வருவோம். அரபிக் குதிரைகள்ல எந்த வகை எவ்வளவு, ரேஸ் ஓடுற தரோபிரெட்ல எவ்வளவு, மலைநாட்டு மட்டக் குதிரைகள்ல எவ்வளவுன்னு கணக்கு எடுத்தா விகிதம் நல்லாவே மாறும். ஒரு இனம் எந்தக் கொஞ்சம் குதிரைகள்ல இருந்து பெருகிச்சோ அதுங்க கொண்டு வந்த வகைதான் பின்னாடியும் நிறைய இருக்கும், ஒரே ஆண் குதிரையை ஊரெல்லாம் விட்டா அதோட வகை ஏறிடும், சின்னக் கூட்டத்துல சில வகை தற்செயலாவே அத்துப் போயிடும். ஆனா இதெல்லாம் நூத்துக்கணக்குல குதிரைகளைச் சேர்த்துப் பார்த்தா வர்ற கணக்குங்க. தனியா ஒரு குதிரையை நிறுத்தி, இதுக்கு டிரான்ஸ்ஃபெரின் டிஎஃப் (தாய் தகப்பன்ல ஒருத்தர்கிட்ட இருந்து டி, இன்னொருத்தர்கிட்ட இருந்து எஃப்), அதனால இது மார்வாரின்னு சொல்ல வழியே இல்ல, ஏன்னா அதே டிஎஃப் தரோபிரெட்லயும் இருக்கும், நம்ம பீச்சுல ஓடுற நாட்டுக் கலப்புலயும் இருக்கும். சில அபூர்வ வகை சில இனத்துல மட்டும் தலைகாட்டும், அதுவும் ஒரு குறிப்புதான், முத்திரை ஆகாது.

ரத்தப் புரோட்டீன் உண்மையிலேயே கில்லாடியா இருந்தது அப்பா யாருங்கற வழக்குலதான். குட்டிக்கு அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு வரும், ரெண்டு கோடும் தெரியும். அம்மா டிஎஃப், குட்டி டிஆர்னு வச்சுக்குங்க. அம்மாகிட்ட ஆர் கிடையாது, அப்ப அது அப்பாகிட்ட இருந்துதான் வந்திருக்கணும். இவர்தான் அப்பான்னு காட்டுற ஆண் குதிரைக்கு எஃப்எஃப்னா வழக்கு முடிஞ்சது, அது அப்பா இல்ல. இல்லன்னு அடிச்சுச் சொல்லும், ஆமாம்னு அதே அளவுக்கு அடிச்சுச் சொல்லாது. கிண்டி ரேஸ்ல ஓடினதும் தரோபிரெட்தான், 1791ல ஆரம்பிச்ச வம்சாவளிப் புத்தகத்துல வெளி இனத்தைச் சேர்க்காம இன்னைக்கும் காப்பாத்துற தரோபிரெட் உலகத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. இப்ப அந்த வேலையை டிஎன்ஏ எடுத்துக்கிச்சு, பிடரி மயிரை வேரோட கொஞ்சம் பிடுங்கினாலே போதும்.

உங்க குதிரை திட்டுக் குதிரைன்னு எழுதியிருக்கீங்களே, அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. டோபியானோன்னு சொல்ற திட்டு வகைக்கான ஜீனும் அல்புமின் ஜீனும் மூணாவது குரோமோசோம்ல பக்கத்துல பக்கத்துல இருக்கு, பெரும்பாலும் சேர்ந்தேதான் குட்டிக்குப் போகும். திட்டோட கூடவே அல்புமின் பி வர்றதை கவனிச்சு, இந்தக் குதிரைக்குப் பொறக்கற எல்லாக் குட்டியும் திட்டா வருமான்னு ரத்தப் புரோட்டீனை வச்சே கணிச்சாங்க! நிறத்துக்கும் அல்புமினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, வீட்டு முகவரி மட்டும்தான் பக்கம். 2007லதான் அந்த குரோமோசோம்ல ஒரு பெரிய துண்டு தலைகீழா திரும்பி இருக்கறதுதான் திட்டுக்குக் காரணம்னு கண்டுபிடிச்சாங்க. திட்டு மார்வாரியில உண்டு, வேற பல இனத்துலயும் உண்டு, அதனால நிறத்தை வச்சும் சாதிக்க முடியாது.

புரோக்கர்கிட்ட கேட்க வேண்டியது மார்வாரி ஸ்டட் புக் (வம்சாவளிப் புத்தகம்) பதிவு, பாஸ்போர்ட், தாய் தகப்பன் விவரம். காது நுனி உள்பக்கமா வளைஞ்சு ஒண்ணை ஒண்ணு தொடுதான்னும் பாருங்க, கத்தியவாரிங்கற குஜராத் இனத்துக்கும் அப்படித்தான் இருக்கும்ங்கறதையும் மனசுல வச்சுக்குங்க. பேப்பர் இல்லன்னா கலப்புக் குதிரை விலைதான் பேசணும். சித்தப்பா சுழி பார்ப்பார், பார்க்கட்டும், அதோட குளம்பையும் பல்லையும் ஒரு வெட்னரி டாக்டர் பார்த்துடணும். மணல்ல நாள் முழுக்க ஆளைச் சுமக்கப் போற குதிரைக்கு வம்சத்தை விட கால்தான் முக்கியம். கலப்புன்னா மட்டமும் கிடையாது, சின்னக் கூட்டத்துக்குள்ளயே திரும்பத் திரும்ப சேர்த்த குதிரைகளை விட அதுங்ககிட்ட இந்த வகைகள் நிறைய மிஞ்சி இருக்கும், எனக்கு அதுங்க மேல தனி மரியாதையே உண்டு.

கேள்வி: நம்மள மாதிரி குதிரைக்கும் ஏ, பி, ஓ உண்டா? எங்க லாயத்துல பொறந்த குட்டி ரெண்டாம் நாளே மஞ்சளாகி செத்துப் போச்சு, ரத்தம் சேராததுன்னு சொன்னாங்க. – வாசகி, செங்குன்றம்

பதில்: மனசுக்கு கஷ்டமா இருக்கும்மா. குதிரைக்கு ஏ, சி, டி, கே, பி (இங்கிலீஷ்ல P), க்யூ, யூன்னு ஏழு குரூப் சிஸ்டம், இது புரோட்டீன் வகை கிடையாது, சிவப்பணு மேல இருக்கற அடையாளம். அம்மாவுக்கு இல்லாத அடையாளம் அப்பாகிட்ட இருந்து குட்டிக்கு வந்திருந்தா, முன்னாடி பிரசவத்துல அதைப் பார்த்துட்ட அம்மா உடம்பு எதிர்ப்புப் பொருளைத் தயாரா வச்சிருக்கும். குதிரையில அது நஞ்சுக்கொடி வழியா போகாது, சீம்பால்லதான் போகும். அதனால குட்டி நல்லாப் பொறந்து, நல்லாக் குடிச்சு, அப்புறம்தான் விழும். பெரும்பாலும் ஏ, க்யூ சிஸ்டம்லதான் இந்தத் தொல்லை. அந்தத் தாய் மறுபடி சினையானா கடைசி மாசத்துல டாக்டர்கிட்ட ரத்தப் பரிசோதனை கேளுங்க. ஆபத்துன்னா குட்டிக்கு வாய்க்கூடு போட்டு முதல் ரெண்டு நாள் தாய்ப்பால் குடுக்காம வேற குதிரையோட சீம்பாலைக் குடுங்க, அந்தத் தாய்கிட்ட கறக்கறதைக் கீழ ஊத்திடுங்க, அப்புறம் தாய்கிட்ட விடலாம்.