காம்பொனென்ட்டுக்குள்ளயே (விட்ஜெட் மாதிரி பேஜ்ல ஒட்டுற துண்டு) ஜேகுவெரிய (jQuery, ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) லோட் பண்ணலாமா, இல்ல பேஜ் பாத்துக்கட்டும்னு விடணுமா?

உள்ள வைக்காதீங்க. நான் வச்சு மாட்டுனவன்.

சில வருஷம் முன்னாடி ஒரு கிளையன்ட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் விட்ஜெட் எழுதினேன், எந்த பேஜ்ல வேணா தூக்கி ஒட்டிக்கலாம்னு, சரி யாருக்கும் தொல்லை வேணாமேன்னு ஜேகுவெரி ஸ்கிரிப்ட் டேக்கையும் அதுக்குள்ளயே சொருகிட்டேன். என் டெஸ்ட் பேஜ்ல ஜம்முனு ஓடுச்சு. அவங்க சைட்ல ஒட்டினா என் விட்ஜெட் ஓடுது, ஆனா அவங்க பழைய ஃபார்ம்ல தேதி பாக்ஸ கிளிக் பண்ணா காலண்டர் வரல. கன்சோல்ல சிவப்பா 'டேட்பிக்கர் இஸ் நாட் எ ஃபங்ஷன்'. நான் தொடவே தொடாத ஃபார்ம்ங்க அது! அரை நாள் நெட்வொர்க் டேப்ல டேட்பிக்கர் ஃபைலயே முறைச்சுப் பாத்துட்டு இருந்தேன், அது ஒழுங்கா 200 (ஃபைல் சரியா வந்துருச்சுன்னு அர்த்தம்) காட்டுது, அப்புறம் தான் கண்ணுல பட்டுச்சு, ஜேகுவெரி ரெண்டு தடவ இறங்கியிருக்கு.

டேட்பிக்கர் மாதிரி பிளகின் (ஜேகுவெரியோட சேர்க்கிற எக்ஸ்ட்ரா கோட்) எல்லாம் அந்த நேரத்துல இருக்கிற ஜேகுவெரி மேல தான் ஒட்டிக்கும். ரெண்டாவது காப்பி வந்ததும் ஜேகுவெரிங்கிற பேரும் டாலர் குறியும் அதுக்குப் போயிடும், டேட்பிக்கர் பழசுலயே தங்கிடும். ஒரே வெர்ஷனா இருந்தாலும் இதே கதி தான். வேற வேற வெர்ஷன்னா இன்னும் கூத்து, ஜேகுவெரி 1.9-ல live() மெத்தடயே தூக்கிட்டாங்க, அத நம்பி எழுதின பழைய கோடெல்லாம் படுத்துடும்.

அன்னைக்கு ஜேகுவெரியோட நோகான்ஃப்ளிக்ட்ட ட்ரூ குடுத்து கூப்பிட்டு (jQuery.noConflict(true)), ஜேகுவெரி, டாலர்ங்கிற ரெண்டு பெயரையும் பழைய காப்பிக்கே திருப்பிக் குடுத்துட்டு என் காப்பிய லோக்கல் வேரியபிள்ல வச்சுக்கிட்டேன். நம்ம கைல இல்லாத சைட்ல ஒட்டுற விட்ஜெட்னா இது பரவால்ல, ரெண்டு காப்பி சுமை மட்டும் அப்படியே இருக்கும்.

உங்க சொந்த ஆப்னா எனக்கு இது வேணும்னு சொல்லிட்டு ஒதுங்கிக்கோங்க. வேர்ட்பிரஸ்ல ஸ்கிரிப்ட்ட என்கியூ (wp_enqueue_script) பண்றப்போ டிபென்டென்சி லிஸ்ட்ல ஜேகுவெரி ஹேண்டில ('jquery'ங்கிற பேர) குடுத்தா போதும், பத்து பிளகின் கேட்டாலும் ஒரே தடவ தான் இறக்கும், வரிசையும் அதுவே பாத்துக்கும். என்பிஎம் (npm, ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் மேனேஜர்) பேக்கேஜ்னா பியர் டிபென்டென்சில (இது யூஸ் பண்றவங்க ஆப்ல இருக்கணும்னு சொல்ற லிஸ்ட்) போடுங்க, அதோட பண்டலர்ல (கோட எல்லாம் ஒரே ஃபைலா கட்டுற டூல்) எக்ஸ்டர்னல்னும் குறிச்சிடுங்க (இத மறந்தா பியர்ல போட்டும் பிரயோஜனமில்ல, பண்டில்குள்ள ஒரு காப்பி வந்து உக்காந்துக்கும்). ரியாக்ட்ங்கிற லைப்ரரில வர்ற 'இன்வேலிட் ஹூக் கால்' எரர் கூட நிறைய நேரம் இதே ரெண்டு காப்பி தகராறு தான். வெர்ஷன் ரேஞ்ச மட்டும் ரொம்ப இறுக்காதீங்க, என்பிஎம் 7-ல இருந்து பியர் ஒத்துப்போகலன்னா பல நேரம் இன்ஸ்டாலே நின்னுடும், அதுக்கு முன்னாடி 3-ல இருந்து 6 வரைக்கும் வெறும் வார்னிங் தான்.

இப்ப உங்க பேஜ்ல எந்த வெர்ஷன் ஓடுதுன்னு தெரியணும்னா கன்சோல்ல jQuery.fn.jquery-ன்னு அடிங்க. விட்ஜெட் லோட் ஆகுறதுக்கு முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ.