கானமயில் தேடி ஜெய்சல்மேர்: கேள்வி பதில்

பள்ளிக்கரணையும் பழவேற்காடும் பார்த்துப் பழகியவர்கள் கானமயில் (கிரேட் இந்தியன் பஸ்டர்ட்) என்ற அரிய பெரிய பறவையைத் தேடிப் பொங்கல் விடுமுறைக்குத் தார் பாலைவனம் போகத் திட்டமிட்டு அனுப்பிய கேள்விகள் இவை.

வேளச்சேரி: அஞ்சு நாள் லீவு இருக்கு சார். கானமயில் கண்டிப்பா கிடைக்குமா?

கண்டிப்பெல்லாம் சொல்ல முடியாது. மொத்தமாக மிஞ்சியிருப்பதே 150-ஐ ஒட்டித்தான். அதில் பெரும்பகுதி ஜெய்சல்மேர் மாவட்டத்தில், இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று பாலைவன தேசியப் பூங்காவின் சுதாசரி பக்கம். மற்றொன்று பொக்ரான் ராணுவத் துப்பாக்கிச் சுடுகளமும் அதை ஒட்டிய ராம்தேவ்ரா பக்கமும். சுடுகளத்துக்குள் யாரையும் விடமாட்டார்கள், அதை மறந்துவிடுங்கள். சாம் என்ற ஊரில் தங்கி, சுதாசரிக்கு இரண்டு காலை, ஒரு மாலை ஒதுக்குங்கள். ஒரே காலையில் வந்து பார்த்துவிட்டு ஒட்டகச் சவாரிக்குக் கிளம்பும் திட்டம் பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடியும்.

தேடும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வண்டியை ஓட்டிக்கொண்டே தேடாதீர்கள். கொஞ்சம் மேடான இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, இடமிருந்து வலமாக மெதுவாகத் துழாவுங்கள். பத்து நிமிடம் விட்டு மறுபடியும் அதே வெளியைப் பாருங்கள். தலை குனிந்து மேயும்போது சேவண் புல்லுக்குள் அந்தப் பெரிய உடம்பே காணாமல் போய்விடும். நிமிர்ந்தால் ஆணின் வெண்கழுத்து வெகு தூரத்துக்குக் கம்பம் நட்டதுபோல் தெரியும்.

அண்ணா நகர்: பூங்காவுக்கு அனுமதி எப்படி? கேட்டில் டிக்கெட் உண்டா?

முதுமலை மாதிரி ஒரு கேட், உள்ளே காடு என்று கற்பனை செய்யாதீர்கள். 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஊர்கள், வயல், மேய்ச்சல் நிலம் எல்லாமே அடக்கம். வேலி போட்ட அடைப்புகள் சில இடங்களில் மட்டும்தான். ஜெய்சல்மேரில் உள்ள வனத்துறை வனவிலங்குப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்குங்கள். எல்லோருடைய அடையாள அட்டையும் நகலோடு கையில் இருக்கட்டும். சனி, ஞாயிறு அலுவலகம் இருக்காது. வெள்ளி இரவு போய் இறங்கினால் இரண்டு நாள் வீண். அனுமதி கிடைத்தாலும் அடைப்புக்குள் நடக்க முடியாது, சொன்ன தடத்தில்தான் போக வேண்டும்.

தாம்பரம்: பாதை இல்லாத மணலில் ஜீப்பை இறக்கலாமா? டிரைவர் டயர் காற்றைக் குறைத்தால் போகும் என்கிறார்.

வண்டி போகும். நீங்கள் போகக் கூடாது. கானமயில் தரையில்தான் முட்டையிடும், பெரும்பாலும் ஒரே முட்டை. முக்கிய இனப்பெருக்க காலம் கோடையிலிருந்து மழைக்காலம் வரை என்றாலும், ஜனவரியிலும் துரத்தப்பட்ட பறவை மேய்ச்சலை விட்டுப் பறந்துபோகும். பறக்கும் வழியில் மின்கம்பி இருந்தால் ஆபத்து. நேர் எதிரே உள்ளதை அது சரியாகப் பார்க்காது, உடம்பும் கனம், கடைசி நொடியில் திரும்ப முடியாது. கம்பிகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2021-லும் 2024-லும் உத்தரவிட்டதன் பின்னணி இதுதான்.

மயிலாப்பூர்: விடியற்காலை எத்தனை மணிக்குக் கிளம்பணும் சார்? இங்கே நாங்க அஞ்சரைக்கே போயிடுவோம்.

அஞ்சரைக்கு அங்கே கும்மிருட்டு, கடும் குளிர். ஜெய்சல்மேர் நாட்டின் மேற்குக் கோடி. ஜனவரியில் சூரியன் உதிக்கவே ஏழரை ஆகிவிடும். ஏழு மணிக்கு இடத்தில் இருந்தால் போதும். பத்து மணிக்குப் பிறகு தரையிலிருந்து கானல் எழும். டெலஸ்கோப்பில் பறவை நெளியும், படம் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸானாலும் மங்கும். அது லென்ஸ் பழுதல்ல, சர்வீஸ் சென்டருக்குப் போகாதீர்கள். மாலை நாலு மணிக்கு மேல் மறுபடி வெளிச்சம் நன்றாக இருக்கும். ஸ்வெட்டர், குல்லா, கையுறை மூன்றும் வேண்டும். லென்ஸை வெளியில் கழற்றி மாற்றாதீர்கள், சென்சாரில் தூசி ஒட்டிவிடும்.

பெரம்பூர்: தூரத்தில் தெரிவது மக்வீன் பஸ்டர்டா, கானமயில் பெட்டையா? குழப்பமா இருக்கு.

இரண்டும் ஒரே குடும்பத்துப் பறவைகள், கழுத்தைப் பாருங்கள். மக்வீனுக்குக் கழுத்தின் பக்கவாட்டில் மேலிருந்து கீழே கறுப்புக் கோடு இறங்கும். கானமயிலுக்கு அது கிடையாது, உச்சந்தலையில் கறுப்புத் தொப்பி இருக்கும். பறந்தால் சந்தேகமே வேண்டாம்: மக்வீனின் இறக்கை நுனிப் பக்கம் பெரிய வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். அளவை மட்டும் நம்பாதீர்கள். வெட்டவெளியில் ஒப்பிட எதுவும் இருக்காது.

குரோம்பேட்டை: வழியில் வேறு எங்கே நிறுத்தலாம்?

ஜோத்பூரிலிருந்து சாலையில் வந்தால் பலோதி அருகே கீச்சன். டெமாய்சல் கொக்குகள் ஆயிரக்கணக்கில் தானியம் தின்ன இறங்கும். 2025-ல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த இடம். காலையில் தானியம் போடும் இடத்துக்குப் பக்கத்தில் சத்தம் போடாமல் நில்லுங்கள், பிறகு குளக்கரைக்குப் போங்கள். மரப்பட்டையில் ஒட்டி ஏறும் ஸ்பாட்டட் க்ரீப்பர் என்ற சின்னப் பறவை வேண்டுமானால் சுரு மாவட்டத்துத் தால் சாப்பர். அங்குள்ள வன்னி மரங்களின் பட்டையை ஒவ்வொன்றாகத் துழாவ வேண்டும். ஆனால் ஐந்து நாளில் அதையும் திணிக்காதீர்கள்.

அடையாறு: அரிய பறவை கிடைத்தால் இடத்தை உடனே குரூப்பில் போடலாமா?

கானமயில் என்றால் வேண்டாம், பெட்டையைக் கவர ஆண் நடனமாடும் இடம் என்றால் அறவே வேண்டாம். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையதளத்தில் போடும்போது அரிய பதிவுக்கு விவரம் கேட்கும். “பார்த்தேன்” என்று எழுதினால் போதாது. என்ன அடையாளம், எந்தக் கோணம், எவ்வளவு தூரம் என்று எழுதி, மங்கலாக இருந்தாலும் படத்தைச் சேருங்கள். எல்லை மாவட்டம் என்பதால் டிரோனும் சாட்டிலைட் போனும் ஊரிலேயே இருக்கட்டும்.

போரூர்: பிகானேர் ஜோர்பீரில் பாறுகளை (பிணந்தின்னிக் கழுகுகளை)ப் பக்கத்தில் நடந்து போய் எடுக்கலாமா?

இறங்காதீர்கள். செத்த மாடுகளைக் கொட்டும் இடம் அது, நாய்க் கூட்டம் கும்பலாகத் திரியும். வண்டி ஜன்னலில் ஒரு பழைய துணிப் பையில் அரிசி கட்டி வைத்து அதன் மேல் லென்ஸைச் சாய்த்தால் போதும். சினேரியஸ், கிரிஃபன், மஞ்சள்முகப் பாறு, ஸ்டெப்பி கழுகு எல்லாம் குளிர்காலத்தில் அங்கேயே உட்கார்ந்திருக்கும். மஞ்சள்கண் புறாக்களும் அந்தப் பக்கம் வரும், மரங்களையும் பாருங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள், மதியச் சாப்பாட்டை அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.